ஊர்வலம் போகும் நடுகல்

நான்கு வருஷங்களுக்கு முன்பு இதே பக்கங்களில் எஸ். நந்தகோபாலின் சிற்பங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ‘தகட்டில் வெட்டி நிமிர்த்தி வைத்த ஓவியங்கள்’ என்று அதில் ஒரு வாக்கியம். சிற்பம் என்றால் அதைச் சுற்றிவர வேண்டும். சுற்றிவருகையில் ஒவ்வொரு அடிக்கும் அது வேறொன்றாக மாற வேண்டும். இவற்றுக்கோ முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இவை அலங்காரம். இதுதான் குறிப்பின் சாரம். பாராட்டி இரண்டு கடிதங்கள் வந்தன. மறுத்து ஒன்றுகூட வரவில்லை. நம் வட்டத்தில் சிற்பத்தைப் பற்றி எதை எழுதினாலும் மறுப்பு வராது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.

இப்போது அந்த வாக்கியத்தை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. முழுவதையும் அல்ல. எந்த அளவுக்கு என்பதைத்தான் இங்கே பார்க்க உத்தேசம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அந்தக் குறிப்பை எழுதும்போது நந்தகோபாலின் சிற்பம் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்திருக்கவில்லை. சில கண்காட்சிக் கையேடுகள், ஜோசப் ஜேம்ஸ் தொகுத்து 1993இல் வெளியான சென்னைச் சிற்பிகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம், இவற்றில் கண்ட புகைப்படங்கள்தான் என் ஆதாரம். அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவந்திருந்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு அது சுலபம். ஹெர்பர்ட் ரீட் 1956இல் வெளியிட்ட ‘சிற்பக் கலை’ என்ற நூலைக் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படித்தவன் நான். சிற்பம் கண்ணுக்கானது என்பதைவிட ஸ்பரிசத்துக்கானது. கனமும் பருமனும்தான் அதன் மொழி. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி நிற்கும் சிற்பம் ஓவியத்திடமிருந்து இன்னும் விடுதலை பெறாத சிற்பம். ரீடின் வாதத்தை நான் இப்படித்தான் வாங்கிக்கொண்டேன். அந்த விடுதலையின் உச்சம் ஹென்றி மூர்.

ஆனால் ஹென்றி மூரையும் நான் புகைப்படத்தில்தானே பார்த்தேன்? ரோடினையும் அப்படித்தான். சுற்றிவர வேண்டும் என்று சொல்லும் புத்தகத்தின் தாளைப் புரட்டலாம், சுற்றிவர முடியாது. அந்தியூரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உலகத்துச் சிற்பங்கள் எல்லாமே முன்பக்கம் மட்டும் உள்ளவை. மூருக்கு நான் பார்க்காத முதுகு இருப்பதாக நம்பினேன். நந்தகோபாலுக்கு நான் பார்க்காத முதுகு இல்லை என்று தீர்ப்பளித்தேன். இரண்டிலும் என் கண்ணுக்கு வேலை இருக்கவில்லை.

இது என் சொந்தக் கோளாறு மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கு ஓவியர்களோடு ஓர் உறவு உண்டு. ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் நம் பத்திரிகை அட்டைகளின் சரித்திரத்தை எழுத முடியாது. கோடு அச்சில் வரும். சிற்பம் வராது. அட்டைக்கு வராத கலையைப் பற்றி நாம் யோசிக்கவும் இல்லை. ஒரு புதுக்கவிதையில் படிமம் தேவைக்கு மேல் ஒன்று கூடிவிட்டால் கடிதப் போர் நடத்தியவர்கள், சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை நல்ல சிற்பமா என்று ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

*

அந்த உழைப்பாளர் சிலையிலிருந்தே தொடங்கலாம். டி.பி. ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைக்கப்பட்டது. நால்வர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். முறுக்கேறிய தசை, முன்னால் சாய்ந்த உடல்கள். எந்தப் பக்கம் போய் நின்றாலும் ஒரு முதுகோ தோளோ நம்மை நோக்கித் தள்ளுகிறது. சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக 1957 வரை இருந்த ராய் சௌத்ரி கற்றுக்கொடுத்த சிற்பம் இதுதான்: ஐரோப்பிய முறையில் முழு உருளையாக வார்த்தெடுத்த மனித உடல். அவருடைய மாணவர் தனபால் (1919-2000) மெல்ல இதிலிருந்து விலகினார். தசையைக் குறைத்தார், உருவத்தை நீட்டினார், கோட்டுக்கு இடம் கொடுத்தார். அடுத்து வந்த பி.வி. ஜானகிராம் (1930-1995) இன்னும் ஒரு படி தாண்டினார். களிமண்ணில் பிடித்து வெண்கலத்தில் வார்க்கும் வழியையே விட்டுவிட்டு, செம்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்துக் குவித்து, அதன்மேல் கம்பியைப் பற்றவைத்து முகங்கள் செய்தார். தகட்டுக்குத் திண்மை கிடையாது. தோல்தான் உண்டு. முன்பக்கம் புடைத்தால் பின்பக்கம் குழியும். சென்னைச் சிற்பத்தின் முதுகு காணாமல் போனது இங்கேதான்.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. வங்கியில் வேலை செய்கிறவனுக்கு அது கண்ணில் படாமல் போகாது. கே.சி.எஸ். பணிக்கரைத் தலைமையாகக் கொண்ட ஓவியர்கள் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, அதற்கான பணம் அரசாங்கத்திலிருந்து வரவில்லை. பாதிக், உலோக வேலை என்று கைவினைப் பொருள்கள் செய்து, விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். ஒரே கை காலையில் விற்பனைக்கு ஒரு தட்டையும் மாலையில் விற்பனையாகாத ஒரு சிற்பத்தையும் அடித்தது. வார்ப்புச் சிலைக்கு உலையும் மெழுகும் ஆளும் வேண்டும். தகட்டுக்குச் சுத்தியலும் வெல்டிங் கருவியும் போதும். ஆக இந்தச் சிற்ப மொழியின் ஒரு வேர் சித்தாந்தத்தில் இருக்கிறது என்றால் இன்னொரு வேர் கைக்காசில் இருக்கிறது. இதைச் சொல்வதால் கலை குறைந்துவிடாது.

நந்தகோபால் பணிக்கரின் மகன். 1946இல் பெங்களூரில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்கு வந்தார். 1970இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது. 1978இல் தில்லியில் நடந்த முவ்வாண்டு சர்வதேசக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 2017இல் இறந்தார். செம்பு, பித்தளை, எனாமல் வண்ணம், வெள்ளி முலாம், பின்னாளில் துருப்பிடிக்காத எஃகு. கருடன், கிருஷ்ணன், மரம், பறவை. தகப்பனார் 1963லிருந்து ‘சொற்களும் சின்னங்களும்’ என்ற வரிசையில் தாள் முழுக்க எழுத்தையும் கணிதக் குறிகளையும் நிரப்பியதன் தொடர்ச்சி மகனின் உலோகத்தில் தெரிகிறது. முன்பக்கம் மட்டும் பேசுவது, ஒரு கதையைச் சொல்வது: இந்த இரண்டையும் நந்தகோபால் குறையாக அல்ல, கொள்கையாகவே வைத்துக்கொண்டார். நம் கோயில் சிற்பம் நேருக்கு நேர் நின்று கதை சொல்கிறது, நானும் அப்படியே. இதுதான் அவர் நிலை. அவருடைய ஒரு வரிசைக்கே ‘நடுகல்லின் நினைவுகள்’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்திருந்தார்.

இந்தக் கொள்கைதான் அன்று எனக்கு எரிச்சலைத் தந்தது. ‘நம் மரபு’ என்பது எந்தக் கேள்விக்கும் பதிலாக வரும்போது சந்தேகப்பட வேண்டும் என்பது என் பழக்கம். அந்தச் சந்தேகம் இன்றும் போகவில்லை. நம் மரபு முன்பக்க மரபுதான் என்பது உண்மையா? தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 11ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. காளையைக் காணோம், காளைமேல் சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் போய்ப் பாருங்கள். முதுகெலும்பின் பள்ளம், இடுப்பின் வளைவு, தலைப்பாகையாகச் சுற்றிய சடை. முன்பக்கத்துக்குச் செலவழித்த அதே அன்பு பின்பக்கத்துக்கும். இத்தனைக்கும் வழிபாட்டில் பட்டும் மாலையும் சாத்தியபின் அந்த முதுகு யார் கண்ணிலும் படாது. இந்த மரபிலிருந்து வந்துவிட்டு ‘நமக்கு முதுகு கிடையாது’ என்று எப்படிச் சொல்வது?

விடை வெகுநாள் கழித்து, வேறு எங்கிருந்தோ கிடைத்தது.

*

ஆடி மாதத்தில் எங்கள் ஊர் குருநாதசாமி பண்டிகைக்குக் குதிரைச் சந்தை கூடும். மாடும் குதிரையும் வாங்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். வாங்க வந்தவன் குதிரைக்கு எதிரே நிற்பதே இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறான். பல்லைப் பார்க்கிறான், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான், எந்தெந்த இடத்தில் சுழி என்று கழுத்தையும் முதுகையும் தடவுகிறான். ஹெர்பர்ட் ரீட் சொன்ன பார்வையாளன் இவன்தான் என்று எனக்குத் தோன்றியதுண்டு: ஸ்பரிசம், பருமன், நாலா பக்கமும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிந்ததும் அதே ஆள் கைகாலைக் கழுவிக்கொண்டு சாமி கும்பிடப் போகிறான். அங்கே அவன் நிற்கிற விதமே மாறிவிடுகிறது. பிராகாரத்தைச் சுற்றுவான், சாமியைச் சுற்றி ஆராய மாட்டான். எதிரே போய் நிற்பான். அவன் பார்க்கப் போவதைவிட அவனைப் பார்க்கச் செய்யப் போகிறான்.

கருவறையில் மூலவர் நகர்வதில்லை. அவருக்குப் பின்னால் சுவர். செப்புத் திருமேனியான உற்சவரோ வீதிக்கு வருகிறவர். வீதியில் வருகிறவருக்கு முன்னால் போகும் கூட்டம் உண்டு, பின்னால் வரும் கூட்டமும் உண்டு. ஆகவே முதுகு வேண்டும். நம் மரபில் முன்பக்கமா முழு உருளையா என்ற தகராறே இல்லை. நிலைத்து நிற்பது எதிர்முகம் காட்டுகிறது. நடமாடுவது முதுகோடு பிறக்கிறது. உருவத்தைத் தீர்மானிப்பது இடம்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நடுகல்லை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் புலிகுத்திக்கல் என்பார்கள். ஆடு மாட்டைக் காக்கப் புலியோடு மல்லுக்கு நின்று செத்தவனுக்கு எடுத்த கல். பர்கூர் மலை அடிவாரத்து ஊர் ஒன்றில், ஒருவருடைய காட்டின் ஓரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. மண்ணில் பாதி புதைந்த பலகைக்கல். பக்கவாட்டில் முடிந்த கொண்டை, பின்னங்காலில் எழுந்த புலி, அதன்மேல் பாய்ச்சிய ஆயுதம். மழையிலும் எண்ணெயிலும் கரைந்து முகம் தேய்ந்துவிட்டது. பழக்கதோஷத்தில் நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உளி படாத வெறும் கல். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த காட்டுக்காரர் என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க சார், பின்னால என்ன இருக்குது? கல்லுத்தானுங்களே. அவரு இந்தப் பக்கமில்லீங்க பாக்கறாரு.”

நான் இத்தனை நாள் படித்த சிற்ப விமர்சனத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியம் ஒன்று எனக்கு ஞாபகம் இல்லை. கல்லின் முகம் ஊரைப் பார்த்திருந்தது. முதுகு மலையை, அதாவது புலி வந்த திசையை. அந்த முதுகைச் செதுக்கி யாருக்குக் காட்டுவது? கல்லுக்குப் பின்னால் இருக்கும் மலைதான் அதன் முதுகு. இடத்தைப் பெயர்த்துவிட்டால் கல் பாதிதான். அருங்காட்சியகங்களில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் நடுகற்கள் ஏன் அத்தனை அனாதையாக இருக்கின்றன என்பது அப்போது விளங்கியது. தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது; கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது. செதுக்குவது அதில் ஒரு பங்குதான். கண்டு, கொண்டுவந்து, நீராட்டி, ஓரிடத்தில் நட வேண்டும். பெயரே அதுதானே: நட்ட கல்.

*

இப்போது நந்தகோபாலிடம் திரும்பலாம். வங்கிப் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னையில் தங்கியிருந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஞ்சம்பாக்கத்துக்குப் பஸ் பிடித்தேன். சோழமண்டலத்தில் 2009இல் திறந்த கலைக்கூடம் இருக்கிறது. சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதை உருவாக்குவதில் முன்னின்றவரும் நந்தகோபால்தான். அரை நாள் இருந்தேன். முதலில் சந்தைக்கு வந்தவன் மாதிரிச் சுற்றினேன். பின்பக்கத்தில் வெல்டிங் தடங்கள், தாங்கு கம்பிகள், நெருப்பு நக்கிய கறை. என் பழைய குறிப்பு சரிதான் என்று ஒரு கணம் திருப்திகூட ஏற்பட்டது. பிறகு அந்தக் காட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்து, முன்னால் போய் நின்றேன்.

நின்றபோது புகைப்படம் ஒருபோதும் காட்டாத ஒன்று தெரிந்தது. புகைப்படத்தில் சிற்பத்துக்குப் பின்னால் வெள்ளையோ கறுப்போ, வெறும் திரை. நேரில் அப்படி இல்லை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளிகள். அவற்றின் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர், ஜன்னல் வெளிச்சம், அந்தப் பக்கமாகக் கடந்துபோகும் ஒருவரின் சட்டை எல்லாம் சிற்பத்துக்குள் வருகின்றன. கல்லுக்குப் பின்னால் மலை இருந்தது போல, இதற்குப் பின்னால் அது எங்கே நிற்கிறதோ அந்த இடம். வித்தியாசம், கல் தன் முதுகை மறைக்கிறது, இது திறந்துவிடுகிறது. தகட்டை வெட்டியெடுத்த துவாரம், ‘இங்கே முதுகு இருக்க வேண்டும், இந்த ஊரே அதைக் கொடுக்கட்டும்’ என்று கேட்கிறது.

நந்தகோபாலின் பிரச்னை என்ன என்பதை இப்போது என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது. நான் நினைத்தது போல, அது முதுகு இல்லாதது அல்ல. எதிர்முகம் காட்டும் உருவத்துக்கு நட்டு வைக்க ஒரு நிலம் வேண்டும். கண்காட்சிச் சிற்பத்துக்கு நிலம் கிடையாது. அது சென்னையில் பத்து நாள், தில்லியில் பத்து நாள் என்று பெட்டிக்குள் வைக்கோலோடு பயணம் போகிறது. வாழ்க்கையோ உற்சவருடையது, உருவமோ நடுகல்லுடையது. ஊர்வலம் போகும் நடுகல். இந்த முரணைத் தீர்க்க இரண்டு வழிகள் அவருக்கு இருந்தன, இரண்டையும் கையாண்டிருக்கிறார் என்பது என் கணிப்பு. ஒன்று, மேலே சொன்ன திறப்பு: போகிற இடத்தையெல்லாம் தன் முதுகாக்கிக்கொள்வது. அது நிகழ்கிற சிற்பங்களில் உருவம் உலோகத்தில் முடிவதில்லை. எதிரே நிற்கிற நானும் பின்னால் நடக்கிற அந்நியனும் அதன் அங்கமாகிறோம். சன்னிதி என்ற சொல்லை மதச் சார்பில்லாமல் உபயோகிக்க முடியுமானால் அங்கே உபயோகிப்பேன்.

இரண்டாவது வழி, நிலம் இல்லாத குறையை வேலைப்பாட்டால் நிரப்புவது. பறவைமேல் பறவை, சுருள்மேல் சுருள், இடைவெளி தெரிந்தால் அதிலும் ஒரு மணி, ஒரு கண். அப்போது துவாரங்கள் அடைபடுகின்றன. பின்னால் இருப்பது உள்ளே வர முடிவதில்லை. சிற்பம் தன்னையே பார்த்துக்கொள்கிறது. எந்த ஹோட்டல் முகப்பிலும் எந்த விமான நிலையத்திலும் வைக்கலாம். எங்கேயும் நட முடியாது. இப்படிப்பட்டவற்றை அலங்காரம் என்று நான் சொன்னதை இன்றும் வாபஸ் வாங்கத் தயாரில்லை. ஒரே வருஷத்தில், ஒரே பட்டறையில், அதே கையால் இரண்டு விதமும் நடந்திருக்கலாம். விமர்சகனின் வேலை பெயரைப் பார்த்து மொத்தமாக ஏற்பதோ தள்ளுவதோ அல்ல. ஒவ்வொன்றின் எதிரிலும் போய் நிற்பது. அந்த வேலையைத்தான் நான்கு வருஷங்களுக்கு முன் நான் செய்யவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை. நடுகல்லில் பெயர் பொறித்திருந்தால் அது செத்தவன் பெயர். செதுக்கியவன் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டும் என்று அவனும் நினைத்திருக்க மாட்டான். கண்காட்சியில் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பது செய்தவரின் பெயர். அப்படியானால் ‘நடுகல்லின் நினைவுகள்’ யாருடைய மரணத்தை நினைக்கின்றன? மரணம் இல்லாமல் நடுகல்லின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டா? நவீன கவிதை சங்கப் பாட்டின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்போதும் இதே கேள்வி நம் எல்லோருக்கும் வருகிறது, நாம் கேட்டுக்கொள்வதில்லை. 2017க்குப் பிறகு அந்தச் சீட்டுகளில் இருப்பதும் இறந்தவர் ஒருவரின் பெயர்தான் என்பது இதற்குப் பதிலாகுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஆகாது என்றே தோன்றுகிறது.

பர்கூர் அடிவாரத்துக்குத் தைக் கடைசியில் மறுபடி ஒரு தடவை போனேன். கல்லுக்கு எண்ணெய் தடவி, எதிரே பொங்கல் வைத்த கரியும் மூன்று கற்களும் கிடந்தன. காட்டுக்காரரிடம் அந்த வீரனின் பெயரைக் கேட்டேன்.

“பேரெல்லாம் தெரியாதுங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டனோ என்னமோ. நாங்க வருசா வருசம் வந்து நிக்கிறமுங்க, அவரும் நிக்கிறாரு.”